கல்யாண ஜாதகத்தில் ஐந்தடி எட்டு

எங்கள் கடையில் விற்கும் யூரியா மூட்டை ஒன்று 45 கிலோ. இரண்டு மூட்டையைத் தராசில் ஏற்றி, மேலே இன்னும் பதினான்கு கிலோ வைத்தால் நான். மூட்டை இறக்க வரும் ஆட்கள் என் காதுபடவே இந்தக் கணக்கைப் போட்டுச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்ததுண்டு. அந்த எடையைக் குறைக்கும் ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியிடம் பணம் வாங்கிய கதை இது.

நீடாமங்கலம் பக்கத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் கல்லாவை விட்டு எழுந்திருக்க முடியாது. குறுவைக்கு அடியுரம், சம்பாவுக்கு மேலுரம், தாளடிக்குப் பொட்டாஷ் என்று தை வரைக்கும் ஓடும். ஓடுவது வியாபாரம், நான் உட்கார்ந்தேதான் இருப்பேன். மதியம் தூக்கில் வரும் சோறு, நாலு மணிக்கு எதிர்க்கடை பஜ்ஜி, கம்பெனிக்காரர் யாராவது வந்தால் மரியாதைக்கு இன்னொரு காபி. சர்க்கரை 2017-இல் வந்தது. குறட்டை எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. என் மனைவியைக் கேட்டால் கல்யாணமான மூன்றாம் வருஷம் என்கிறாள்.

2024 ஆடியில் ஒரு மத்தியானம் வெண்ணாற்றங்கரையில் பைக்கில் வந்துகொண்டிருந்தேன். கண் விழித்தபோது வயலுக்குள் கிடந்தேன். நடவு முடிந்த சேறு என்பதால் அடி இல்லை. வண்டியை ஓட்டிக்கொண்டே தூங்கியிருக்கிறேன். இடது பக்கம் சாய்ந்ததால் வயல், வலது பக்கம் சாய்ந்திருந்தால் ஆறு.

தஞ்சாவூரில் நுரையீரல் டாக்டரிடம் போனோம். செப்டம்பரில் ஓர் இரவு உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்கவைத்து ஸ்லீப் ஸ்டடி எடுத்தார்கள். மணிக்கு 46 தடவை மூச்சு நின்றோ குறைந்தோ போகிறது என்று ரிப்போர்ட் வந்தது. 30-ஐத் தொட்டாலே கடுமையான வகையாம். மூச்சு அடைக்காமல் காற்றைத் தள்ள இரவில் மூக்கில் மாட்டிக்கொள்ளும் சிபாப் மெஷின் எழுதிக் கொடுத்துவிட்டு, "எடை குறையாமல் இதற்கு முடிவு கிடையாது சார், சர்க்கரையும் அடங்காது. திருச்சியில் ஒரு சர்ஜனைப் பாருங்கள்" என்றார். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து, மிச்சத்தைக் குழாய் போல ஆக்கும் ஸ்லீவ் ஆபரேஷன்.

ஊரில் விஷயம் பரவியதும், "இதுக்கு ஆபரேஷனா? வாயைக் கட்டினால் போதாதா?" என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேர் பந்தியில் என் இலைக்கு வந்து "இன்னும் ஒரு கரண்டி" என்று பாயசம் ஊற்றியவர்கள். வாயைக் கட்டாமலா இருந்தேன்? 2022-இல் கும்பகோணத்தில் ஒரு டயட்டீஷியனிடம் ஏழு மாதம் போனேன். ஒன்பது கிலோ குறைந்தது. அடுத்த வருஷத்துக்குள் பதினொன்று ஏறியது. அவர் எழுதிக் கொடுத்த சீட்டுகளைக் கோபத்தில் கிழித்துப் போட்டுவிட்டேன். அந்தச் சீட்டுகளைப் பிறகு எவ்வளவு தேடினேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி பாலிசி விஷயம். கொரோனா முதல் அலை ஓய்ந்த சமயம், 2020 அக்டோபரில், குடும்பத்துக்கு ஐந்து லட்சத்துக்கு மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்தோம். ஏஜென்ட் தெரிந்த பையன். படிவம் நிரப்பும்போது, "சுகரைப் போட வேண்டாம் அண்ணே, பிரீமியம் ஏறும், வெயிட்டிங்கும் போடுவாங்க" என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறான். என் மனைவிதான் காபி கொண்டுவந்தவள் அப்படியே நின்று, "ஏங்க, இருக்கிறதை எழுதுங்க. நாளைக்கு அவன் வரமாட்டான், நாமதான் பதில் சொல்லணும்" என்றாள். எழுதினோம். பிரீமியம் ஏறியது, சர்க்கரைக்கு 48 மாதக் காத்திருப்பும் போட்டார்கள், அதுவரை சர்க்கரை சார்ந்த சிகிச்சைக்குப் பணம் கிடையாது. (2024 ஏப்ரலிலிருந்து இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ அந்த உச்ச வரம்பை 36 மாதமாகக் குறைத்துவிட்டது. மறைத்ததைக் காரணம் காட்டி கிளைமை மறுக்கும் உரிமையும் 60 மாதத் தொடர் பாலிசிக்குப் பிறகு கம்பெனிக்குக் கிடையாது, மோசடி என்று நிரூபித்தால் தவிர. ஆனால் அந்த 60 மாதத்துக்குள் நோய் வராது என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்?) பின்னால் என் கிளைமை அவர்கள் குடைந்த குடைச்சலில், சர்க்கரையை மறைத்திருந்தால் அந்த ஒரு காரணமே போதும், பாலிசியையே ரத்து செய்திருப்பார்கள்.

சர்ஜன் நாள் குறிக்கலாம் என்றதும் பாலிசிப் புத்தகத்தை எடுத்து முதல்முறையாகப் படித்தேன். நாலு வருஷம் பிரீமியம் கட்டியவன் அதைப் பிரித்ததுகூட இல்லை. உடல் பருமனுக்கு ஒரு விலக்கு விதி இருக்கிறது. 2019-இல் ஐஆர்டிஏஐ இந்த விலக்குகளையெல்லாம் ஒரே வாசகமாக்கிவிட்டதால் எந்தக் கம்பெனி பாலிசியிலும் ஏறக்குறைய இதே வரிகள்தான், விலக்கு எண் 6 என்று தேடினால் கிடைக்கும். எடை குறைப்பு அறுவைக்குப் பணம் கிடையாது, கீழ்க்கண்ட எல்லாம் பொருந்தினால் உண்டு, என்கிற மாதிரி எழுதியிருக்கும். டாக்டர் சொல்லிச் செய்ய வேண்டும், மருத்துவ நெறிமுறைப்படி இருக்க வேண்டும், வயது 18 ஆகியிருக்க வேண்டும். இதெல்லாம் சுலபம். நாலாவதுதான் விஷயம்: பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 40 அல்லது அதற்கு மேல். இல்லையென்றால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து, கூடவே நாலு கடுமையான நோய்களில் ஒன்றாவது இருக்க வேண்டும். பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், தூக்கத்தில் கடுமையான மூச்சடைப்பு, கட்டுக்குள் வராத இரண்டாம் வகைச் சர்க்கரை. அதோடு, அறுவை இல்லாத மற்ற முறைகளில் முயன்று தோற்றிருக்க வேண்டும்.

டாக்டர்கள் வைத்திருக்கும் எண் வேறு என்பது அப்போதுதான் புரிந்தது. நம் போன்ற ஆசிய உடம்புக்கு 37.5, சர்க்கரை மாதிரி நோய் கூட இருந்தால் 32.5 என்ற கணக்கில்தான் இங்கே பல காலமாக இந்த ஆபரேஷனைச் சொல்லிவந்திருக்கிறார்கள். ஆகவே டாக்டர் "நீங்கள் தகுதியானவர்" என்றால் அது மருத்துவத் தகுதி. கம்பெனியின் எண் 40, நோய் கூட இருந்தால் 35. இரண்டுக்கும் நடுவில் விழுகிறவர்கள் முழுத் தொகையையும் கைக்காசில்தான் கட்ட வேண்டியிருக்கிறது. எனக்கு இதில் நியாயம் தெரியவில்லை, ஆனால் விதி இதுதான். சில பாலிசிகளில் இந்த ஆபரேஷனுக்கென்று தனிக் காத்திருப்பும், இவ்வளவுதான் தருவோம் என்ற உச்சவரம்பும் வேறு இருக்கும். என் தங்கை மகன் சென்னையில் ஐடி கம்பெனியில் இருக்கிறான், அவனுடைய குரூப் பாலிசியில் காத்திருப்பே கிடையாது. வீட்டில் யாருக்காவது வேலை வழி பாலிசி இருந்தால் முதலில் அதைப் பார்ப்பது நல்லது.

அக்டோபரில் 48 மாதம் முடிந்தது. சம்பா அறுவடை முடியட்டும், கடை ஓயட்டும் என்று காத்திருந்து 2025 பிப்ரவரியில் திருச்சி போனோம். ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த பெண் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டும் கேஷ்லெஸ்ஸுக்கு அனுப்பினாள். ஐஆர்டிஏஐயின் 2024 மே சுற்றறிக்கைப்படி ஒரு மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். சொன்னார்கள். ரிஜெக்ட்.

காரணம்: பிஎம்ஐ 34.7.

நான் சர்ஜனின் அறையில் கோபமாக உட்கார்ந்திருந்தேன். அவர் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்து, "உயரம் 173 என்று போட்டிருக்கிறதே, யார் அளந்தது?" என்றார். யாரும் அளக்கவில்லை. வந்த அன்று நர்ஸம்மா எடை மிஷினில் ஏறச் சொல்லி 104 என்று எழுதினார். உயரம் கேட்டார். நான் ஐந்தடி எட்டு என்றேன். இருபத்தைந்து வருஷமாக யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன்.

சுவரில் பொருத்திய அளவுகோலில் செருப்பைக் கழற்றி நிறுத்தினார்கள். 168. ஐந்தடி ஆறு.

என் மனைவி அங்கேயே சிரித்துவிட்டாள். "ஜாதகத்துல ஐந்தடி எட்டுன்னு போட்டுத்தானே என்னைக் கட்டினீங்க?" என்றாள். தரகர் போட்டது அது. நாளடைவில் நானே நம்பிவிட்டேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், நீங்களே போட்டுப் பார்க்கலாம். எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் எடுத்த உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். 104-ஐ 1.73-ஆல் இரண்டு தடவை வகுத்தால் 34.7. அதே 104-ஐ 1.68-ஆல் வகுத்தால் 36.8. ஐந்து சென்டிமீட்டரில் ஆபரேஷன் செலவு மூன்றரை லட்சம் ரூபாய் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போய்விடும்.

ஆனால் ரிஜெக்ட் ஆன பிறகு உயரம் குறைந்தால் யார் நம்புவார்கள்? திருத்திய படிவத்தோடு ஆஸ்பத்திரி கடிதம் போனதும், "ஒரே வாரத்தில் உயரம் மாறியது எப்படி" என்று கேள்வி வந்தது. கேட்டது தப்பென்று சொல்லமாட்டேன், நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். அப்போது கைகொடுத்தது செப்டம்பரில் எடுத்த ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட். அதன் முதல் பக்கத்தில் டெக்னீஷியன் அளந்து எழுதியிருந்தார்: உயரம் 168, எடை 105. தகராறு தொடங்குவதற்கு ஐந்து மாதம் முந்தைய தேதி. நான் எழுதிய எந்தக் கடிதத்தையும்விட அந்த ஒரு வரிக்கு மதிப்பு இருந்தது.

உயரம் தீர்ந்தது. அடுத்து, மற்ற முறைகளில் முயன்று தோற்றதற்கு என்ன ஆதாரம் என்றார்கள். இங்கே அழுத்தமாக ஒன்று சொல்ல வேண்டும்: கேஷ்லெஸ் மறுப்பு என்பது கிளைம் மறுப்பு அல்ல. டெஸ்க்கில் "ரிஜெக்ட் ஆயிடுச்சு சார்" என்று சொன்னதும் பலர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆஸ்பத்திரி மறுபடி அனுப்பலாம். அதுவும் நடக்காவிட்டால் கைக்காசில் கட்டிவிட்டு பில், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் வைத்துப் பின்னால் கேட்கலாம். எனக்கு மூன்றரை லட்சத்தைப் புரட்டும் தெம்பு அப்போது இல்லை. உரம் கடனில் போயிருந்தது, நெல் காசு வந்தால்தான் எனக்கு வசூல். ஆகவே மறுபடி அனுப்பும் வழியைத்தான் பிடித்தேன்.

ஆதாரம் தேடியது இப்படி. கும்பகோணம் டயட்டீஷியனிடம் போய், கிழித்துப் போட்டதை ஒப்புக்கொண்டேன். அந்த அம்மா திட்டவில்லை. நோட்டில் ஒவ்வொரு வருகைக்கும் தேதியும் எடையும் எழுதி வைத்திருந்தார். அதையெல்லாம் பார்த்து லெட்டர்பேடில் ஒரு கடிதம் எழுதி, கையெழுத்து, சீல், பதிவு எண்ணோடு கொடுத்தார். ரத்தப் பரிசோதனைக் கடையில் என் போன் நம்பரைச் சொன்னதும் மூன்று வருஷத்து ரிப்போர்ட் கம்ப்யூட்டரிலேயே கிடந்தது. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.1, 9.6, 9.8. மருந்து மாத்திரை கூடிக்கொண்டே போனதற்கு மருந்துக் கடைக்காரர் பில்களைத் திரும்ப அச்சடித்துக் கொடுத்தார். சர்க்கரை டாக்டர் தன் பழைய குறிப்புகளில் "உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி அறிவுறுத்தப்பட்டது" என்று ஒவ்வொரு முறையும் எழுதியிருந்தது நல்லதாய்ப் போயிற்று. என் கடைத் தராசில் மாதாமாதம் நின்று பார்த்து, கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதி வைத்திருந்ததையும் கொண்டுபோனேன். டெஸ்க் பெண் அதைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இவ்வளவுக்குப் பிறகும் "நிரூபிக்கப்படவில்லை" என்று ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரிதான் எனக்குக் கோபம் மூட்டியது. சர்ஜன் ஒரு யோசனை சொன்னார்: சண்டை போடாதீர்கள், எந்த விதியின் எந்தச் சொல் பொருந்தவில்லை என்று மட்டும் கேளுங்கள். அப்படியே கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் எழுதினேன். அரைப் பக்கம்தான். விலக்கு எண் 6-இன் ஒவ்வொரு நிபந்தனையையும் ஒரு வரியாக எழுதி, அதற்கு நேரே ஆவணத்தின் பெயரும் தேதியும். கடைசியில், மறுக்கும்போது பாலிசியின் எந்த விதிப்படி என்று குறிப்பிட வேண்டும், கிளைம் மறுஆய்வுக் குழு ஒப்புதல் இல்லாமல் மறுக்கக் கூடாது என்ற 2024 சுற்றறிக்கையை நினைவூட்டினேன். என் உடம்பு கஷ்டம், குடும்பக் கஷ்டம், பைக்கில் விழுந்தது எதையும் எழுதவில்லை. முதலில் எழுதிய நகலில் எல்லாம் இருந்தது. என் மகள்தான் படித்துவிட்டு, "அப்பா, இது அழுகைக் கடிதம்" என்று அடித்துவிட்டாள்.

அதே புகாரை ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும் பதிந்தோம். கணினி வராதவர்கள் 155255-க்குப் போன் போட்டும் பதியலாம். கம்பெனி இரண்டு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் நாள் ஒப்புதல் வந்தது. வராமல் போயிருந்தால் இன்சூரன்ஸ் தகராறுகளை விசாரிக்கும், சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போக முடிவு செய்திருந்தோம். கம்பெனி மறுத்தாலோ 30 நாள் பதில் இல்லாமல் இருந்தாலோ, ஒரு வருஷத்துக்குள் அங்கே மனு போடலாம். 50 லட்சம் வரை அவர்கள் பார்க்கலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். காரைக்காலில் இருக்கிற உறவுக்காரர் ஒருவர் "எங்களுக்குப் புதுச்சேரி தனி ஆச்சே" என்று கேட்டார். காரைக்காலும் சென்னை அலுவலகத்தின் கீழ்தான்.

இதற்கு நடுவே மார்ச் மாதம் எடை குறைக்கும் மவுஞ்சாரோ ஊசி இந்தியாவுக்கு வந்துவிட்டது. பேப்பரில் பார்த்ததும் மச்சான் போன் போட்டு, "மாமா, ஆபரேஷனே வேண்டாம், வாரம் ஒரு ஊசி போதுமாம்" என்றான். சர்ஜனிடமே கேட்டேன். நல்ல மருந்துதான் என்றார், நிறுத்தினால் எடை திரும்ப ஏற வாய்ப்பு அதிகம் என்றும் சொன்னார். வந்த புதிதில் 2.5 மில்லிகிராம் குப்பி 3,500, 5 மில்லிகிராம் 4,375. வாரம் ஒன்று, மாதம் நாலு. கணக்குப் போட்டேன். எங்கள் மாதிரி பாலிசி இதற்கு ஒரு பைசா தராது, ஏனென்றால் ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்குத்தான் கிளைம், ஊசியை வீட்டிலேயே போட்டுக்கொள்கிறோம். வெளிநோயாளி செலவுக்கென்று தனியாகச் சேர்த்துக்கொள்ளும் பாலிசிகள் உண்டு. அதிலும் வருஷத்துக்கு இவ்வளவு என்று சின்னத் தொகைதான் வைக்கிறார்கள், எடை குறைப்பு மருந்தை விலக்கியிருக்கிறார்களா என்றும் படித்துப் பார்க்க வேண்டும்.

ஏப்ரலில் ஆபரேஷன். அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, தூங்கி எழுந்தேன், வயிற்றில் ஐந்து ஓட்டை. ரூம் விஷயத்தில் மட்டும் கவனமாக இருந்தோம். என் பாலிசியில் ரூம் வாடகை ஒரு நாளைக்கு 5,000 வரைதான். அதற்கு மேல் எடுத்தால் கூடுதல் வாடகை மட்டும் நம் கையிலிருந்து என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். அப்படி இல்லை, டாக்டர் பீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டிவிடுவார்கள். என் அத்தான் ஒருவர் மூல ஆபரேஷனுக்கு ஏசி டீலக்ஸ் எடுத்து வாங்கிய அடி எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். நாங்கள் இருவர் தங்கும் அறை எடுத்தோம். பக்கத்துக் கட்டிலில் லால்குடிக்காரர் ஒருவர். என் குறட்டையை மூன்று இரவு தாங்கியதற்கு அவருக்கு நன்றி.

பில் 3,42,000. கம்பெனி கொடுத்தது 2,91,000. வெட்டியதில் பெரும்பகுதி கையுறை, கிட் என்று நீளமான பட்டியல், வயிற்றுப் பெல்ட், துணைக்கு இருந்தவரின் சாப்பாடு. டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்தில் இறுதி ஒப்புதல் தர வேண்டும் என்பது விதி, இரண்டே முக்கால் மணி நேரத்தில் வந்தது. ஸ்லீப் ஸ்டடி செலவு போனது போனதுதான். சேர்வதற்கு முந்தைய 30 நாள் செலவுதான் என் பாலிசியில் கணக்கு, நான் எடுத்தது ஏழு மாதம் முன்னால். அதே பரிசோதனையை ஆபரேஷன் தேதிக்குப் பக்கத்தில் எடுத்திருந்தால் காசு வந்திருக்கும். ஆனால் அந்தப் பழைய தேதிதான் என் உயரத்தைக் காப்பாற்றியது, ஆகவே எனக்கு அதில் வருத்தமில்லை. வீட்டுக்கு வந்த பின் 60 நாள் மருந்து பில்லைத் தனியாக அனுப்பினோம். டாக்டர் சீட்டில் இருந்த பி12, இரும்பு மாத்திரைகளுக்குக் கொடுத்தார்கள், புரோட்டீன் பவுடருக்கு இல்லை.

இந்த மாத்திரைகள் ஆயுசுக்கும். முதல் இரண்டு வாரம் தண்ணீர் ஆகாரம், பிறகு குழைத்தது, அப்புறம் ஒரு கைப்பிடி சோறு. வேகமாகச் சாப்பிட்டால் நெஞ்சில் அடைக்கும். பந்தியில் உட்கார்ந்தால் என் இலை காலியாவதற்குள் மற்றவர்கள் எழுந்துவிடுகிறார்கள். இப்போது 79 கிலோ. சிபாப் மெஷின் பரணில் இருக்கிறது. சர்க்கரை மாத்திரை நாலிலிருந்து ஒன்று.

இவ்வளவு பெரிய கிளைம் வாங்கிவிட்டோமே, அக்டோபரில் புதுப்பிக்க மறுப்பார்களோ என்று பயம் இருந்தது. கிளைம் வாங்கியதற்காகப் புதுப்பிக்க மறுக்கவோ, அதைக் காட்டித் தனியாக என் பிரீமியத்தை ஏற்றவோ கூடாது என்று ஏஜென்ட் தம்பியே சொன்னான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியையும் எடுத்துவிட்டதால் போன வருஷத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே கட்டினேன். அவனும் இப்போதெல்லாம் படிவம் நிரப்பும்போது சுகரைப் போடச் சொல்கிறானாம்.

போன வாரம் மச்சான் கடைக்கு வந்தான். அவனுக்கும் சர்க்கரை, 98 கிலோ. திருச்சி டாக்டரைப் பார்க்கப் போகிறானாம், பாலிசிப் புத்தகத்தோடு வந்திருந்தான். "உயரம் என்னடா?" என்றேன். "ஐந்தடி ஏழு மாமா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். செருப்பைக் கழற்றச் சொல்லி, கடைக் கதவு நிலையோடு சேர்த்து நிறுத்தி, உச்சந்தலையில் பில் புத்தகத்தை வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டேன்.